போன வழியும் திரும்பிய வழியும்

ஒரு காரியத்தைத் தொடங்கியவன் அதன் எல்லையைத் தொட்டுவிட்டால், அதை முடித்துவிட்டான் என்று உலகம் சொல்லுகின்றது. பரீட்சையில் தேறியவன் படிப்பை முடித்தவனாகின்றான். சிகரத்தில் நின்றவன் மலையை வென்றவனாகின்றான். எல்லையைத் தொடுவதும் முடிப்பதும் ஒன்றுதானா என்று நம்மில் ஆராய்வோர் சிலரே. ஒரு நெடும் பாதையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரையில் நடந்து தீர்த்தவன், பின்னொரு காலத்தில் அந்த மறுமுனையிலிருந்து புறப்பட்டு முதல் முனைக்கே நடந்து வருவானாயின், அவன் செய்தது வீண் வேலையா? அன்றி, முதல் நடையில் குறைபட்டு நின்ற ஏதோ ஒன்றை நிறைவாக்கும் வேலையா? இவ் வினாவையே ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்க நாட்டின் கிழக்குப் புறத்தில் அப்பலாச்சியன் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் முகடுகளின் வழியே, தெற்கே ஜார்ஜியா மாகாணத்திலிருந்து வடக்கே மேய்ன் மாகாணத்திலுள்ள கடாதின் மலை வரையில், 14 மாகாணங்களின் ஊடே ஒரு நடைபாதை செல்லுகின்றது. இன்று அதன் நீளம் ஏறத்தாழ 2,190 மைல். பெண்டன் மெக்காய் என்பவர் 1921ஆம் ஆண்டில் இதற்கான யோசனையை எழுதி வெளியிட்டார். கூலி கருதாத தொண்டர் பலர் கூடி உழைத்ததனால், 1937ஆம் ஆண்டில் பாதை முழுமையாயிற்று.

இப் பாதையை ஒரே பயணத்தில் நடந்து முடித்தவர் என்று முதன்முதல் பெயர் பெற்றவர் எர்ல் ஷாபர். பென்சில்வேனியா மாகாணத்தவர். இரண்டாவது உலகப் போரில் பசிபிக் பிரதேசத்தில் வானொலிச் செய்திப் பணி புரிந்தவர். இளமையில் தம்மோடு மலைகளில் நடந்து திரிந்த உற்ற நண்பனை இவோ ஜீமாப் போரிலே பறிகொடுத்தவர். போர் ஓய்ந்து வீடு திரும்பிய பின்னரும், போர் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதை நடந்தே தீர்த்துக்கொள்வதென்று துணிந்து, 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் ஜார்ஜியாவிலுள்ள ஓகில்தார்ப் மலையிலிருந்து மூட்டையைத் தோளிலிட்டுப் புறப்பட்டார். 124 நாட்கள் நடந்து, ஆகஸ்டு 5ஆம் நாள் கடாதின் உச்சியை அடைந்தார். பாதையைக் காத்துவந்த சங்கத்தார் முதலில் இதை நம்பவில்லை. அவருடைய நாட்குறிப்பையும் படங்களையும் கண்ட பின்னரே ஒப்புக்கொண்டனர்.

இத்துடன் கதை முடிந்தது என்றே எவரும் கருதுவர். ஆனால் 17 ஆண்டுகள் கழிந்து, 1965ஆம் ஆண்டில், தமது 46ஆம் வயதில், அதே மனிதர் கடாதினிலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கி நடந்தார். 99 நாட்களில் ஜார்ஜியாவை எய்தினார். இரு திசையிலும் இப் பாதையை நடந்து முடித்த முதல் மனிதர் என்ற பெயரும் அவருக்கு உண்டாயிற்று.

நிற்க. காரியவாதி ஒருவன் இதைக் கேட்டால் நகைப்பான். “புகழ் வேண்டுமெனின் அது முன்னமே கிடைத்துவிட்டது, பாதை வேண்டுமெனின் அதையும் முன்னமே கண்டாயிற்று. கண்டதையே காண்பதற்கு ஈராயிரம் மைல் நடப்பானேன்?” என்று அவன் கேட்பான். அவன் கேள்வி, அவர் கண்டது முழுப் பாதை என்னும் எண்ணத்தின் மேல் நிற்கின்றது. அவ்வெண்ணம் சரியா என்று பார்ப்போம்.

ஏப்ரலில் தெற்கே புறப்படுகிறவன் வசந்த காலத்தோடு கூடவே வடக்கே போகின்றான். அவன் செல்லச் செல்ல மரங்கள் தளிர்க்கின்றன. ஷாபர் தம் முதற் பயணத்தைப் பற்றி எழுதிய நூலுக்கு ‘வசந்தத்துடன் நடத்தல்’ என்னும் பொருள்படப் பெயரிட்டதும் இது பற்றியே. வடக்கிலிருந்து வருபவனோ, கடாதினில் பனி விலகுமளவும் காத்திருந்து கோடையிலே புறப்பட்டு, இலையுதிர் காலத்தின் ஊடே தெற்கே இறங்குகின்றான். முன்னவனுக்கு மேய்ன் மாகாணத்தின் கரடுமுரடான மலைகள் கடைசியில் வருகின்றன. அதற்குள் அவன் கால்கள் ஆயிரக்கணக்கான மைல் பழகி உரமேறியிருக்கும். பின்னவனுக்கோ அவையே முதற் சோதனை; பழகாத காலோடு அவற்றை எதிர்கொள்ள வேண்டும். முன்னவன் மூச்சு வாங்க ஏறிய சரிவு, பின்னவனுக்கு முழங்கால் நோவ இறங்கும் சரிவு. கல் ஒன்றே, மண் ஒன்றே, நடை வேறு.

இவ்விருவரும் ஒரு சத்திரத்தில் சந்தித்து அச் சரிவைப் பற்றிப் பேசுவதாக வைத்துக்கொள்வோம். ஒருவன் ஏற்றம் என்பான். மற்றவன் இறக்கம் என்பான். இருவரும் பொய்யர் அல்லர். விடியும் வரையில் வாதித்தாலும் வழக்குத் தீராது. இரு திசையிலும் நடந்தவன் ஒருவன் அங்கிருந்தால், அவன் ஒரு சொல்லில் தீர்த்துவிடுவான்.

நேயர்களே, உலக வாழ்க்கையில் நாம் காணும் வழக்குகளிற் பெரும்பாலன இத்தகையவையே. கடன் கொடுத்தவனுக்கும் வாங்கியவனுக்கும் இடையிலிருப்பது ஒரே பத்திரம். ஒருவனுக்கு அது இறக்கம், மற்றவனுக்கு ஏற்றம். வேலை வாங்குகிறவனுக்கும் செய்கிறவனுக்கும் நடுவிலிருப்பது ஒரே நாள். ஒருவன் அதைக் கணக்கேட்டிலிருந்து பார்க்கிறான், மற்றவன் தன் முதுகெலும்பிலிருந்து பார்க்கிறான். மாமியார் நடந்த வழியிலேயே மருமகள் எதிர்முகமாக வருகின்றாள். அவரவர் தாம் வந்த திசையையே பாதை என்று சாதிப்பதனால் நியாயம் நடுவழியில் நின்றுவிடுகின்றது.

இங்கே ஒரு தடை எழும். “பாடுபடும் ஜனங்கள் பிழைப்புக்காகத் தினந்தோறும் போகவும் வரவும் நடக்கின்றனர். அவர்களைப் போற்றுவாரில்லை. மனம் விரும்பி நடந்தவனை ஏன் போற்றவேண்டும்?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மெக்காய் இப் பாதையை முதலில் எண்ணியதே, இயந்திரத் தொழில் நகரங்களில் உழைத்துக் களைத்தோர் மலைக்காற்றில் ஓய்வு பெறவேண்டும் என்பதற்காகத்தான். ஓய்வு சிலருடைய சொத்தாக இருத்தலாகாது என்பதே அவர் யோசனையின் உட்கிடை. ஆதலின், கால் வலிமையை நாம் இங்கே போற்றவில்லை. கட்டாயத்தினால் நடப்பவனுக்கு வழியைப் பார்க்கும் அவகாசம் இல்லை. அவகாசம் பெற்றவன் அதைக் கொண்டு என்ன செய்தான் என்பதே கேள்வி. ஷாபர் அதைக் கொண்டு, தாம் வென்ற வழியை மறுபுறத்திலிருந்தும் நடந்து கண்டார். அவகாசம் பெற்றோர் யாவர்க்கும் இக் கடமை உண்டு.

இன்னொரு தடையும் உண்டு. எல்லோரும் எல்லா வழியிலும் திரும்பி நடக்க முடியுமா? முதியவன் இளைஞனாக முடியாது. செல்வத்தில் பிறந்தவன் வறுமையில் பிறந்து பார்க்க முடியாது. போன வழியிலும் அப்படியே திரும்ப இயலாது. 1948ஆம் ஆண்டில் ஷாபர் புறப்பட்ட ஓகில்தார்ப் மலை, அவர் திரும்பி வந்தபோது பாதையின் முனையாக இல்லை. 1958ஆம் ஆண்டிலேயே தென்முனை ஸ்பிரிங்கர் மலைக்கு மாற்றப்பட்டுவிட்டது. அவர் திரும்பி வந்து சேர்ந்தது, புறப்படாத ஓர் இடத்துக்கு!

அவ்வாறாயின், திரும்பி நடக்க இயலாதவன் செய்யக்கூடியது யாது? அதற்கும் அப் பாதையே விடை சொல்லுகின்றது. வழி தவறாதிருக்கும் பொருட்டு, மரங்களில் 2 அங்குல அகலமும் 6 அங்குல உயரமுமாக வெள்ளைக் கோடுகள் தீட்டியிருக்கின்றனர். போர்க்காலத்தில் பராமரிப்பாரின்றிப் போனமையால், ஷாபர் முதலில் நடந்தபோது பல இடங்களில் புதர் மண்டிக் குறிகள் மறைந்திருந்தன. அவர் வழி தேடி அலைய நேர்ந்தது. ஒரு திசையிலிருந்து காணும்படி மட்டும் கோடு தீட்டினால், எதிரே வருபவன் காட்டிலே தவிப்பான். ஆகையால் குறி தீட்டும் தொண்டர் இரு திசைக்கும் தீட்டுகின்றனர். அத் தொண்டர் ஈராயிரம் மைலும் நடந்தவராக இருக்கவேண்டுவதில்லை. எதிர்ப்புறமிருந்தும் மனிதர் வருவர் என்ற நினைவு இருந்தாற் போதும். மரத்தைச் சுற்றி நாலடி வைக்க மனமிருந்தாற் போதும்.

நம் சட்டங்களும் வழக்கங்களும் வீட்டுக் கட்டுப்பாடுகளும் மரத்தில் தீட்டிய குறிகளே. அவற்றைத் தீட்டினவர்கள் தாம் வந்த பக்கத்தில் தீட்டிவிட்டு, வழி தெளிவாக இருக்கிறதென்று மகிழ்ந்திருக்கின்றனர். மறுபக்கத்தில் வருபவன் தடுமாறினால், அவன் கண்ணைக் குறை கூறுகின்றனர். திரும்பி நடக்கும் வாய்ப்புள்ளவர்கள் ஒருமுறையேனும் திரும்பி நடக்கட்டும். வாய்ப்பில்லாதவர்கள் மரத்தைச் சுற்றி வந்து, மறுபுறத்திலும் ஒரு கோடு தீட்டட்டும்.