முதல் கதை யாருடையது?

கதை எழுத விரும்பும் பெண்ணுக்கு எல்லோரும் சொல்லும் முதல் யோசனை, ‘உனக்குத் தெரிந்ததை எழுது’ என்பதுதான். நல்ல யோசனை. ஆனால் நமக்குத் தெரிந்தவற்றில் பாதி, பிறர் நம்மை நம்பிச் சொன்னவை. அவற்றை என்ன செய்வது?

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிறேன். ஒரே வாடகை அறையில் ஐந்து பெண்கள் இருக்கிறோம். நைட் ஷிப்ட் முடித்து வருகிறவளுக்கு, பகல் ஷிப்டுக்குக் கிளம்புகிறவள் பாயை விட்டுக்கொடுக்க வேண்டும். இவ்வளவு நெருக்கத்தில் ரகசியம் தங்காது. யார் வீட்டுக்குத் தெரியாமல் பணம் சேர்க்கிறாள், யார் தீபாவளிக்கும் ஊருக்குப் போவதில்லை, ஏன் போவதில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். மின்சார ரயிலில் பொன்னேரிக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையே பக்கத்து இருக்கைக்காரிகள் கொட்டித் தீர்த்தவை வேறு. கதைக்குப் பஞ்சமில்லை. அவற்றை எழுதும் உரிமை எனக்கு உண்டா என்பதுதான் என் கேள்வி.

பெயரை மாற்றிவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. சொந்த ஊர், செய்யும் வேலை, பேசும் தோரணை என்று எதை வைத்தும் அறைத்தோழிகள் இரண்டாவது பத்தியிலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். முன்பின் தெரியாத வாசகருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதான். தெரிந்தவர்களிடமோ பெயர் மாற்றம் எதையும் மறைக்காது.

அப்படியென்றால் எழுதாமல் இருப்பதுதான் அறமா? ‘வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது’ என்று சொல்லித்தானே நம் பாட்டிகளின் வாயை அடைத்தார்கள். அந்தக் கட்டுப்பாடு அடி வாங்கியவளைக் காப்பாற்றவில்லை, அடித்தவனைத்தான் காப்பாற்றியது. எழுதுவது போலவே எழுதாமல் விடுவதும் யாரோ ஒருவர் பக்கம் நிற்பதுதான்.

இந்த இடத்தில் இரண்டு பெண்களின் எழுத்து எனக்கு உதவுகிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வெளிவந்தது. அவர் எழுதியது தன் வாழ்க்கையைத்தான். ஆனால் ஊரும் தெருவும் இல்லாமல் ஒருத்தியின் வாழ்க்கை ஏது? ஊர் மக்கள் கோபப்பட்டார்கள். சில மாதங்கள் அவரால் ஊருக்குள் போக முடியவில்லை. எழுதியதற்கான விலையை எழுதியவரே கொடுத்தார்.

ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிய நாவல். அவர் உப்பளத்தில் வேலை செய்தவர் அல்ல. நேரில் போய்ப் பார்த்தார், தொழிலாளர்களிடம் பேசினார், பிறகு கற்பனை மாந்தர்களைப் படைத்தார். கற்பனைக்கு ஒரு அறப்பணி உண்டு என்பதை இங்கேதான் நான் புரிந்துகொள்கிறேன். பல பெண்களின் வலியைச் சேர்த்து இல்லாத ஒருத்தியிடம் கொடுத்துவிட்டால், கொடுமை வெளியே தெரியும், எந்த ஒருத்தியும் காட்டிக்கொடுக்கப்பட மாட்டாள்.

ஆகவே எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கதை படிக்கப்பட்டால் விலை கொடுக்கப்போவது யார்? நான் என்றால் எழுதுவேன். பாத்ரூம் போய்வர எத்தனை நிமிடம் என்று பெண்களைக் கணக்கெடுப்பவன் என்றால் கட்டாயம் எழுதுவேன். என்னை நம்பிச் சொன்னவள் என்றால், முதலில் அவளிடம் வாசித்துக் காட்டுவேன். அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் வாயால் சொல்வேன். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுவேன்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அடித்தவனைப் பற்றி எழுதினாலும் கடைசியில் அடி அவள் மீதே விழலாம். அப்போது நடந்ததை நடந்தபடி எழுதும் ஆசையை விட்டுவிட்டு, வேறு ஊர், வேறு வேலை, வேறு குடும்பம் என்று கதையை அடியோடு புதிதாகக் கட்ட வேண்டும். நல்ல விவரங்கள் சில கைவிட்டுப் போகும். போகட்டும். ஒரு கதை கொஞ்சம் மெலிவது, ஒரு பெண் வேலையையோ தங்கும் இடத்தையோ இழப்பதைவிடப் பெரிய நஷ்டம் அல்ல.

எங்கே தொடங்குவது என்று கேட்கும் தோழிகளுக்கு என் பதில் இதுதான். எட்டு மணி நேரம் நின்ற கால் உங்களுடையது. அந்தக் காலின் வலியை எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். முதல் வாக்கியத்தை அங்கிருந்து எழுதுங்கள். மற்றவர்களின் கதைகள் வரும்போது அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.