கீரை ஆய்ந்த கை



திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளி இன்று. சுத்தபோசன நாள். பெரியவர்கள் சிலர் ஒருசந்தியும் இருக்கிறீர்கள். இனி உயிர்ப்புப் பெருவிழா வரை நம் வீடுகளில் கறிச்சட்டிக்கு ஓய்வு, கீரைச்சட்டிக்குத்தான் வேலை. அதனால் இன்று கீரையைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். பீடத்தருகே நின்று பேசுகிற பொருளா இது என்று நினைக்காதீர்கள். சற்றுமுன் வாசிக்கக் கேட்டோமே, எசாயா நூலின் 58-ஆம் அதிகாரம், அது நேராக நம் அடுப்படிக்குத்தான் வருகிறது.

அந்த அதிகாரத்தில் வரும் மக்கள் நோன்பில் ஒரு குறையும் வைக்கவில்லை. தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள், சாக்கு உடுத்தினார்கள், சாம்பலில் உட்கார்ந்தார்கள். அப்புறம் கடவுளிடமே கேட்டார்கள்: இவ்வளவு செய்கிறோமே, நீர் பார்க்கவில்லையா? கடவுள் சொன்ன பதிலைக் கவனியுங்கள். நோன்பு நாளிலும் உங்கள் விருப்பத்தைத்தான் நடத்திக்கொள்கிறீர்கள், உங்களுக்கு உழைப்பவர்களை வாட்டுகிறீர்கள், நோன்பின் முடிவில் சண்டைதான் போடுகிறீர்கள் என்கிறார்.

தவக்கால வெள்ளிக்கிழமை மத்தியானம் நம் வீடுகளில் எழுகிற சத்தம் உங்களுக்கே தெரியும். "இன்னைக்கும் கீரையா?" என்று தட்டைத் தள்ளுகிற சத்தம். "ஒரு அப்பளம்கூடப் பொரிக்கலையா?" என்று கேட்கிற சத்தம். கறியை விட்டது நாம். அந்தக் கோபத்தைச் சுமப்பது சமைத்தவள்.

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு பங்கில் இருந்தபோது, வீடு சந்திப்புக்குப் போயிருந்தேன். சொல்லாமல் போனது என் தவறு. மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஓட்டு வீடு, வாசலில் ஒரு முருங்கை மரம். அந்த வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் முதலில் செய்தது என்ன தெரியுமா? அடுப்பருகே இறக்கி வைத்திருந்த சட்டியைத் தட்டால் மூடியதுதான். "இருங்க சாமி, பையனைக் கடைக்கு அனுப்பி முட்டை வாங்கிட்டு வரச் சொல்றேன். இன்னைக்கு வெறும் கீரைதான்" என்றார். மூடிய தட்டின் ஓரத்தில் பச்சையாகக் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பூண்டு தாளித்த வாசனை வீடெல்லாம் இருந்தது. கீரையே போதும் என்று சொல்லி உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்படியொரு முருங்கைக்கீரைத் துவட்டலை அதற்குப் பிறகு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் நான் எழுந்திருக்கும்வரை அந்த அம்மாவின் முகத்தில் வெட்கம் போகவில்லை.

இந்த வெட்கம் பழையது. சங்க இலக்கியம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஒரு வறுமைப்பட்ட அடுக்களை வருகிறது. கூரையின் கழிகள் விழுந்துவிட்டன. சுவரைக் கறையான் அரித்துவிட்டது. ஈன்ற நாய்க்குப் பால் இல்லை. குட்டிகள் முட்டுவது தாங்காமல் அது குரைக்கிறது. அந்த வீட்டுப் பெண் குப்பைமேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேகவைக்கிறாள். போட உப்பு இல்லை. பிறர் பார்த்தால் ஏளனம் செய்வார்களே என்று வாசற்கதவைச் சாத்திவிட்டுச் சுற்றத்தாரோடு உண்கிறாள்.

எல்லாரும் கதவைச் சாத்திய வெட்கத்தைத்தான் பேசுவார்கள். எனக்கு இன்னொன்றுதான் பெரிதாகப் படுகிறது. உப்பில்லாத அந்தக் கீரையை அவள் தன் மக்களோடு ஒன்றாக உட்கார்ந்து உண்டாள். இன்று நம் வீடுகளில் உப்பு இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, தாளிக்க எண்ணெய் இருக்கிறது. சமைத்தவள் மட்டும் உட்காரவில்லை.

கீரை சமைப்பது சின்ன வேலை என்று ஆண்கள் நினைக்கிறோம். கட்டுக்கீரை வாங்கிப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பிறகு நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள். கட்டைப் பிரித்து உதற வேண்டும். புல்லும் களையும் கலந்திருக்கும். பார்த்து எடுக்க வேண்டும். பழுத்த இலை, பூச்சி அரித்த இலை தனியே. இலையைத் திருப்பி அடிப்பக்கம் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிறுகீரை என்றால் வேரைக் கிள்ளினால் போதும். அரைக்கீரையைக் கொத்துக் கொத்தாகக் கிள்ள வேண்டும். தண்டுக்கீரையில் தண்டின் நாரை உரித்து வைத்தால் மறுநாள் சாம்பாருக்கு ஆகும். மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி என்றால் ஒவ்வொரு காம்பாக உருவியே விரல் நுனி கறுத்துப்போகும். அப்புறம் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிறைய விட்டு மூன்று தடவை அலச வேண்டும். தண்ணீரைச் சாய்த்து ஊற்றக் கூடாது. மண் அடியில் தங்கும்படி விட்டு, கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். அரைமணி நேரம் குனிந்து செய்கிற இந்த வேலையின் பலன் அடுப்பில் ஏற்றிய ஐந்தே நிமிடத்தில் சுண்டி ஒரு கரண்டியாகிவிடும். முறம் நிறைய ஆய்ந்தது நான்கு பேருக்குக் காணாது. ஒரு பல்லில் மண் கடிபட்டால் போதும், அத்தனையும் வீண் என்று பேச்சு வரும்.

வேக வைப்பதிலும் பக்குவம் இருக்கிறது. வெந்து கெட்டது முருங்கை, வேகாமல் கெட்டது அகத்தி என்று நம் பாட்டிமார் சொல்லி வைத்திருக்கிறார்கள். எந்த இலைக்கு எவ்வளவு நெருப்பு என்று அறிந்த கை அது. என் அம்மா அரைக்கீரையை மூடி போடாமல் வேகவிடுவார். பச்சை நிறம் மாறக் கூடாது என்பார். சின்ன வெங்காயம், நான்கு பல் பூண்டு, பச்சை மிளகாய், கொஞ்சம் சீரகம். வெந்ததும் மண்சட்டியை இரண்டு பாதங்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு மத்தால் கடைவார். கடைசியில் வடகம் தாளித்துக் கொட்டும்போது எழுகிற அந்தச் சத்தத்துக்குத்தான் நாங்கள் ஐந்து பேரும் தட்டோடு வந்து உட்காருவோம்.

எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் அம்மா அந்தச் சட்டியில் ஒரு பிடி சோற்றைப் போட்டு வழித்துப் பிசைவார். அது ருசியாக இருக்கும் என்று அதிலும் ஆளுக்கொரு உருண்டை வாங்கித் தின்போம். அம்மாவுக்கு என்ன மிச்சம் என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. குருமடத்தில் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்து, அம்மா மயங்கி விழுந்தார் என்று தகவல் வந்தது. இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த மருத்துவர், "இவ்வளவு நாள் எப்படி நடமாடினாங்க?" என்று கேட்டார். வாரத்தில் நான்கு நாள் கீரை கடைந்து எங்களை வளர்த்தவரின் உடம்பில் இரத்தம் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு அந்தச் சட்டியைத்தான் நினைத்தேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு அடைக்கிறது.

இது என் வீட்டுக் கதை மட்டுமே என்றால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. அதே வயது ஆண்களில், இந்திய அளவில், நூற்றுக்கு 25 பேருக்கு. மாதவிடாயும் பிள்ளைப்பேறும் பெண்ணின் இரத்தத்தைக் குறைக்கின்றன என்பது உண்மை. அப்படியானால் அவள் தட்டில்தானே அதிகம் விழ வேண்டும்? கடைசியில் சாப்பிடுகிறவளுக்குக் குழம்புத் தெளிவும் அடிச்சோறும்தான் கிடைக்கின்றன.

அவள் தட்டுக்கு வராமல் போகிற கீரையில் என்ன இருக்கிறது தெரியுமா? 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஆய்வாளர்கள் டன் கணக்கில் பாலக்கீரையை எடுத்து அதிலிருந்து ஒரு சத்தைப் பிரித்தார்கள். அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். குருமடத்தில் இலத்தீன் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் பொருள் புரிந்தது: ஃபோலியும் என்றால் இலை. புது இரத்தம் ஊறவும், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் சரியாக உருவாகவும் வேண்டிய சத்து அது. நம் வீட்டு மருமகள்கள் உண்டாகியிருக்கும்போது யார் தட்டில் கீரை முதலில் விழ வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

இன்னும் இரண்டொரு செய்தி, சமைக்கிறவர்களுக்கு. கீரையிலுள்ள இரும்புச்சத்து லேசில் உடம்பில் சேராது. கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ இருந்தால் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் சேர்வது குறைந்துவிடும். ஒரு மணி நேரமாவது போகட்டும். கண்ணுக்கு நல்ல சத்து கிடைக்க ஒரு கரண்டி எண்ணெயோ நெய்யோ அதில் சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால், கீரை சாப்பிடுகிறோமே என்று அதை நிறுத்திவிடாதீர்கள். அன்பியத்தின் பொறுப்பாளர்கள் வீடுகளுக்குப் போகும்போது இதைச் சொல்லுங்கள்.

இனி கீரை விற்கிறவர்களைப் பற்றி. திருச்சி காந்தி மார்க்கெட்டாக இருந்தாலும் நம் ஊர்ச் சந்தையாக இருந்தாலும், கீரை என்பது விடிவதற்குள் அறுத்து வர வேண்டிய பொருள். பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்குக் கிடைத்த மன்னாவைப் போல, நாளைக்கு என்று வைக்க முடியாது. வெயில் ஏற ஏற வாடும். ஈரச் சாக்கைப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்துத் தெளித்துப் பத்து மணி வரை காப்பாற்றுவார்கள். அதற்குமேல் விலையை அவர்கள் வைக்க முடியாது, நாம்தான் வைக்கிறோம். நகைக்கடையில் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிற நாம், 15 ரூபாய்க் கட்டுக்கு 10 ரூபாய் என்று நின்று பேசுகிறோம். கொசுறாகக் கறிவேப்பிலையும் கேட்கிறோம். லூக்கா நற்செய்தி 11-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பரிசேயர்களைக் கடிந்துகொள்கிறார்: புதினாவிலும் கீரைகளிலும் பத்தில் ஒரு பங்கைக் கணக்காகப் படைக்கிறீர்கள், நீதியையும் கடவுளின் அன்பையும் விட்டுவிட்டீர்கள் என்று. கோயிலில் எண்ணிப் படைத்த அவர்களையே கண்டித்தார். விற்பவரிடம் எண்ணிப் பிடுங்குகிற நம்மை என்ன சொல்வார்? இந்தத் தவக்காலத்தில் உங்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீரைக்காரர் சொன்ன விலையைக் கொடுங்கள். உண்டியலில் போடுவதைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை. பங்குத்தந்தை நானே சொல்கிறேன்.

எசாயா அந்த வாசகத்தில், பசித்தவரோடு உணவைப் பகிர்ந்துகொள்ளச் சொன்ன கையோடு, உன் சொந்த இரத்த உறவிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்ளாதே என்றும் சொல்கிறார். தெருவில் பசித்தவரைக் கண்டுகொள்கிற நாம், அடுப்படியில் பசித்தவரைக் கண்டுகொள்வதில்லை. நீதிமொழிகள் நூல் 15-ஆம் அதிகாரத்தில் பகையோடு வைத்த கொழுத்த கறிவிருந்தையும் அன்போடு வைத்த எளிய கீரை உணவையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார் ஞானி. அந்த அன்பு சமைத்தவளிடம் இருந்தால் போதும் என்று நாம் வசதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம். உண்கிறவனிடமும் இருந்தால்தான் அது அந்த வசனத்தின் உணவு. ஆண்களே, வரும் வெள்ளியன்று முறத்தை நீங்கள் மடியில் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். செபமாலை சொல்லிக்கொண்டே ஆயலாம். ஐந்து காரணிக்கம் முடிவதற்குள் ஒரு கட்டு முடிந்துவிடும்.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பங்கு இல்லத்தில் சமைக்கிற அம்மா எங்கே, எப்போது, எதைச் சாப்பிடுகிறார் என்று இந்தப் பங்குக்கு வந்து இவ்வளவு நாளாகியும் நான் கேட்டதில்லை. நேற்று இரவு அவர் முருங்கைக் கொத்துகளைத் துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிட்டுப் போனார்; அப்படி வைத்தால் விடிவதற்குள் இலை தானாக உதிர்ந்திருக்கும். இன்று காலை திருப்பலிக்கு வருமுன் துணியைப் பிரித்துப் பார்த்தேன். பாதி உதிர்ந்திருந்தது, மீதியை உருவி வைத்தேன். மேசைமேல் இரண்டு தட்டு எடுத்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.