மண்ணுக்குச் செய்யும் பிராயச்சித்தம்

செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தம் உண்டா என்னும் கேள்வியை நம் முன்னோர் ஆத்மாவை முன்னிட்டே பெரிதும் ஆராய்ந்தார்கள். மண்ணுக்கு இழைத்த தீங்கை மனிதன் தானே நீக்க முற்பட்டிருக்கும் இக்காலத்தில், அதே கேள்வி ரசாயன சாஸ்திரத்தின் வாயிலாகவும் நம்முன் வந்து நிற்கிறது. அந்தச் சாஸ்திரத்தின் அனுபவம் தர்ம விசாரத்துக்கும் துணை செய்யும் என்பது என் கருத்து.

அமெரிக்காவில், புளோரிடா மாநிலத்து ஜாக்சன்வில் நகரில், ஓர் உலர்சலவைக் கடையின் அடிநிலத்தில், துணியின் எண்ணெய்க் கறையைப் போக்க அத்தொழிலாளர் கையாளும் பெர்குளோரோஎத்திலீன் என்னும் திரவம் இறங்கிவிட்டது. நீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனமான அது, நிலத்தடி நீரையும் ஊடுருவிக் கீழிறங்கி, மணல் துகள்களின் இடுக்குகளில் தங்கிவிடும் இயல்புடையது. ஒரு லிட்டர் நீரில் அது கரைவது சுமார் 200 மில்லிகிராம்தான். குடிநீரில் அந்நாட்டுச் சட்டம் அனுமதிப்பதோ லிட்டருக்கு 5 மைக்ரோகிராம். ஆகவே, வெறும் நீரால் அலசி அகற்றப் புகுந்தால் தலைமுறைகள் கழிந்தாலும் வேலை முடியாது. அப்படியே விட்டுவிட்டாலோ, கரைகின்ற அந்தச் சொற்பமே குடிக்கும் நீரை நஞ்சாக்கப் போதும்.

1998-இல் அங்கே ஏறக்குறைய 34,000 லிட்டர் எத்தனாலைக் கிணறுகளின் வழியே நிலத்துள் செலுத்தினார்கள். நீரோடும் கலந்து, எண்ணெய்த்தன்மை உள்ள பொருளையும் ஏற்றுக்கொள்ளும் அந்தச் சாராயத்தின் விகிதம் நீரில் ஏற ஏற, நஞ்சு கரையும் அளவும் பன்மடங்காக உயர்ந்துகொண்டே போகும். சுற்றிலும் தோண்டிய கிணறுகளால் அக்கலவையை உறிஞ்சி எடுத்தபோது, இருந்த நஞ்சில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மேலே வந்தது.

துணியின் கறையை நீக்க வந்த கரைப்பானே மண்ணின் கறையாக, அதை நீக்க இன்னொரு கரைப்பானை நாடுவது முறையா என்று கேட்கலாம். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் இத்தகைய ஆட்சேபத்துக்கே சமாதானம் சொல்கிறார்: சாணத்தையும் உவரையும் துணியில் ஏற்றி அழுக்கு முழுவதையும் கழிப்பவனைப் போல, இறைவன் மலங்களுள் ஒன்றான மாயையைக் கொண்டே உயிரின் அழுக்காகிய மலத்தை ஒழிக்கிறான். ஆனால், ஏற்றிய சாணமும் உவரும் துணியிலேயே தங்கிவிடுமானால் அது வெளுப்பு ஆகாது. அழுக்கோடு அவற்றையும் அலசிக் கழிக்கும்வரை துறையை விட்டு அகலாதிருப்பதே வெளுப்பவனுடைய தர்மம்.

மண்ணைக் கழுவுகிறவனுக்கும் அந்தத் தர்மமே விதி. செலுத்திய சாராயத்தின் போக்கைக் கட்டுக்குள் வைக்காவிட்டால், பிடிப்பு இளகிய நஞ்சு மேலே வராமல் இன்னும் ஆழத்துக்குச் சென்றுவிடும். மேலே வந்ததும் அழிந்துவிடுவதில்லை. உள்ளது இல்லாமற் போகாது என்று சாங்கியரும் சைவ சித்தாந்திகளும் ஒப்பும் சற்காரியவாதத்துக்கு இசைய, அது இடம் மாறி நிற்கிறதே ஒழிய ஒழிந்துபோனதில்லை. அதைப் பிரித்தெடுத்துத் தீங்கற்றதாக மாற்றாதவரையில், ஒருவர் நிலத்துப் பாவத்தை மற்றொருவர் தலையில் ஏற்றியவர்களாகவே ஆவோம்.

எஞ்சிய மூன்றில் ஒரு பங்கின் கதை மேலும் சிந்திக்கத் தக்கது. மண்ணில் மிஞ்சிய எத்தனால் அங்கிருந்த நுண்ணுயிர்களுக்கு ஆகாரமாகி, அவை நஞ்சின் குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கின. நான்கும் கழன்றால் கிடைப்பது தீங்கற்ற எத்திலீன். மூன்று மட்டும் கழன்று வேலை நின்றுபோனாலோ, எஞ்சுவது புற்றுநோயை விளைவிக்கும் வினைல் குளோரைடு. இயற்கை காட்டும் இந்தக் கருணையும், முடிவுவரை உடனிருந்து சோதித்து வருபவர்களுக்கே பயன் தருகிறது. பாதியில் கைவிட்ட பிராயச்சித்தம் செய்த பாவத்தினும் கொடியதாகக் கூடும்.

ஆகவே, பிராயச்சித்தம் உண்டு என்றே துணிகிறேன். கறை கண்ணுக்கு மறைந்ததும் அது நிறைவேறிவிட்டதென்று எண்ணுவதுதான் பிழை. எடுத்த நஞ்சுக்கும், எடுக்கப் பயன்படுத்திய பொருளுக்கும், எடுக்க முடியாமல் எஞ்சியதற்கும் ஒருவன் இறுதிவரை பொறுப்பேற்று நிற்பதே பிராயச்சித்தத்தின் சாரம். நிலத்தைச் சுத்தம் செய்துவிட்டோம் என்று எவர் வந்து கூறினாலும், எடுத்ததை எங்கே வைத்தீர்கள், எஞ்சியதை யார் காத்து வருகிறார்கள் என்று கேட்டு, விடை பெறாமல் ஒப்புக்கொள்ளாதிருப்பது அந்த நிலத்தில் வாழும் ஒவ்வொருவருடைய கடமையாகும்.