மகளே, மலைக்கு ஓடு!

2004 டிசம்பர் 26, காலை ஆறரை மணி. கிரேட் நிகோபார் தீவின் கேம்பல் பேயில் அன்று எந்த வகுப்பும் நடக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமை. 9.1 அளவு நிலநடுக்கம் சுமத்ராவிலிருந்து அந்தமான் வரை கடலடித் தரையைக் கிழித்தது. அத்தீவின் இந்திரா முனையில் நிலம் சுமார் நாலேகால் மீட்டர் தாழ்ந்து, கலங்கரை விளக்கத்தைக் கடல் சூழ்ந்தது. சென்னைக்கு ஆழிப்பேரலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிரேட் நிகோபாருக்கு நிமிடங்கள்தான்.

அடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, கணக்கு வகுப்பின் நடுவே வந்தால்?

"வாயைக் கழுவுங்க" என்பார்கள் சிலர். கழுவுகிறேன். பூமி கேட்குமா? நிகோபார் இருப்பது நிலநடுக்க அபாயம் மிகுந்த பகுதியில். அமெரிக்காவில் துப்பாக்கிக்காரன் வந்தால் என்ன செய்வது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். நமக்கு வரும் முரடன் தரைக்கு அடியில் படுத்திருக்கிறான். அவனிடமிருந்து தப்பப் பயிற்சி வேண்டாமா?

பயந்து நடுங்கச் சொல்லவில்லை. பயத்தைக் காலுக்கு இறக்கச் சொல்கிறேன்!

2011 மார்ச் 11, ஜப்பானின் கமாய்ஷி நகரம். நிலம் குலுங்கி நின்றதும் நடுநிலைப்பள்ளி மாணவர்கள் மேட்டை நோக்கி ஓடினார்கள். பக்கத்துத் தொடக்கப்பள்ளியில் மேல்மாடிக்கு ஏறியிருந்த சிறுவர்கள் அதைப் பார்த்துவிட்டு இறங்கி அவர்கள் பின்னால் ஓடினார்கள். அண்ணன்களும் அக்காக்களும் சின்னக் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். குறித்து வைத்திருந்த இடத்துக்குப் போயும் நிற்கவில்லை. இது போதாது என்று இன்னும் மேலே ஏறினார்கள். நகரத்தின் ஏறக்குறைய மூவாயிரம் பள்ளிப் பிள்ளைகளில் ஒரு சிலரைத் தவிர எல்லோரும் பிழைத்தார்கள்.

இது அதிசயமல்ல, பல வருடப் பாடம். டோஷிடாகா கடாடா என்ற பேராசிரியர் அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்: நான் நிச்சயம் ஓடித் தப்பிப்பேன், என்னைத் தேடி வராமல் நீங்களும் ஓடுங்கள் என்று வீட்டில் சொல்லி, பெற்றோரை நம்பவைக்க வேண்டும்.

அதே நாளில், அதே ஜப்பானில் ஒகாவா தொடக்கப்பள்ளி. பின்னால் குன்று இருந்தது. ஆனாலும் எங்கே போவது என்று முடிவெடுக்க முடியாமல் மைதானத்திலேயே சுமார் ஐம்பது நிமிடம் போனது. 74 பிள்ளைகளும் 10 ஆசிரியர்களும் அலையில் போய்விட்டார்கள்.

கேம்பல் பே அம்மாக்களே, அப்பாக்களே! தரை ஆடினால் உங்கள் கால் பள்ளிக்கூடத்தை நோக்கித்தான் ஓடும். பெற்ற வயிறு அப்படித்தான். ஆனால் நீங்கள் கரையோரச் சாலையில் எதிர்த்து ஓடிவந்தால், உங்களுக்காகக் காத்து நிற்கும் பிள்ளையும் சேர்ந்து போகும். இன்றைக்கே பேசி முடிவு செய்யுங்கள்: எந்த மேட்டில் சந்திப்பது? தீவுக்கு வெளியே எந்த உறவினருக்குத் தகவல் சொல்வது? அந்த எண் பிள்ளைக்கு மனப்பாடமா?

பிள்ளையே, தரை ஆடும்போது மேசைக்கு அடியில் புகுந்து தலையைக் காத்துக்கொள். ஆட்டம் பலமாகவோ நீண்டோ இருந்தால், நின்றவுடன் மேட்டுக்கு ஓடு. சைரனுக்குக் காத்திருக்காதே. கடல் பின்வாங்குகிறதா என்று வேடிக்கை பார்க்கப் போகாதே. பையும் வேண்டாம், செருப்பைத் தேடவும் வேண்டாம். முதல் அலை வடிந்தது என்று கீழே இறங்காதே. அடுத்தது அதைவிடப் பெரிதாக வரலாம்.

நம்மால் முடியுமா என்று கேட்காதீர்கள். சுமத்ராவுக்கு அருகே சிமெலுவே தீவில், 1907 ஆழிப்பேரலையின் கதையைத் தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். 2004இல் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தீவு மக்களில் இறந்தவர்கள் ஏழே பேர். அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. உங்கள் ஊரோ, 1969 முதல் முன்னாள் ராணுவத்தினர் வந்து காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர். அலை அடித்த பிறகும் மறுபடி எழுந்த ஊர். ஒத்திகைக்கா பஞ்சம்?

பள்ளியைக் கேள்வி கேட்கவும் கூசாதீர்கள். அதே 2004, ஜூலை 16, கும்பகோணத்தில் ஒரு பள்ளி. கீற்றுக் கூரை, குறுகிய படிக்கட்டு. 94 குழந்தைகள் தீயில் கருகினார்கள். வெளியேறும் வழி எது என்று முன்கூட்டியே கேட்பது சண்டையல்ல, கடமை.

வருகிற சனிக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலிலிருந்து மேட்டுக்கு நடந்து பாருங்கள். வீட்டின் கடைக்குட்டியும் பாட்டியும் உடன் வரட்டும். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை தலைமை ஆசிரியரிடம் காட்டி, அடுத்த ஒத்திகை என்றைக்கு என்று கேளுங்கள். தேதி வாங்காமல் திரும்பாதீர்கள்!