நோட்டும் ஓட்டும்

உத்திரமேரூர் என்றதும் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். பராந்தகச் சோழன் காலத்து, கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். சரி, குடத்துக்குள் யார் பெயர் விழுந்தது? அது சதுர்வேதிமங்கலம். இறை கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேத அறிவு உள்ளவன் பெயர் விழுந்தது. சேற்றில் குனிந்து கிடந்தவன் பெயருக்கு ஓலை இல்லை.

ஆயிரம் வருசம் கழிச்சு நமக்கும் ஓட்டு வந்துச்சு. ஆனா தேர்தல்ல நிக்கக் காசு வேணும். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 10,000 ரூபாய், நமக்குப் பாதி. மிச்சச் செலவுக்கு யார்கிட்ட கையேந்துறது? காசு போட்டவன் பேச்சைத்தானே ஜெயிச்சவன் கேட்பான்?

கன்ஷிராம் இதற்கொரு வழி சொன்னார். 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் ஓட்டோடு ஒரு நோட்டும் கேட்டார். தோற்றார். ஆனால் வாங்கியே பழக்கப்பட்ட சனத்தைக் கொடுக்கிற சனமாக்கப் பார்த்தார். காசு வாங்கினவன் வாய் மூடிக்கும். கொடுத்தவன் கணக்குக் கேட்பான்.

கொடுத்தால் மட்டும் போதுமா? 'சண்டை வேணாம், ஊருக்கு ஆகிறதப் பாப்போம்' என்று நடைமுறை அரசியல் பேசுகிறவர்களும் உண்டியலோடுதான் வருகிறார்கள். எந்த ஊருக்கு? ஊர் வேற, காலனி வேற என்றிருக்கிற இடத்தில் 'ஊர்ப்பொது' என்ற சொல்லே நம்மை வெளியே நிறுத்துகிறது. தெருவிளக்கு எரியும், சுடுகாட்டுப் பாதை மட்டும் 'அப்புறம் பாத்துக்கலாம்'. ஆகிறதைச் செய்வது தப்பில்லை. எது ஆகும், எது ஆகாது என்று யார் முடிவு பண்றது?

பத்து ரூபாய் கொடுப்போம். கையோடு கேட்போம்: சுடுகாட்டுப் பாதை உன் பட்டியல்ல எத்தனாவது?