கண்டவர் கடன்

உயிர்காப்புப் படகிலிருந்து எழும் அபாய ஒளி இரு தரப்பாரைக் கட்டுப்படுத்துகிறது: அதைக் கொளுத்துபவர், அதைக் காண்பவர். முதலாமவரின் கடமைகளை விதிகளாக எழுதிவிடலாம். இரண்டாமவரின் கடமையோ அறவியலின் பழைய கேள்வி ஒன்றில் போய் முட்டுகிறது. பிறர் துன்பம் இன்னதென்று தெளிவாகத் தெரியாதபோதே உதவும் பொறுப்பு தொடங்கிவிடுகிறதா?

பன்னாட்டு விதிப்படி ஒரு படகில் 4 பாராசூட் ராக்கெட்டுகளும் 6 கைச்சுடர்களும் 2 மிதக்கும் புகைக்கலங்களும் இருக்க வேண்டும். ராக்கெட்டின் ஒளி குறைந்தது 40 விநாடியும் கைச்சுடர் ஒரு நிமிடமும் எரிய வேண்டும். பகலில் பயன்படும் ஆரஞ்சுப் புகைக்கு 3 நிமிடம். ஆக, இரவில் இந்த ராக்கெட்டுகளாலும் கைச்சுடர்களாலும் விதி உறுதிசெய்யும் வெளிச்சம் முழுவதும் ஒன்பது நிமிடத்தைக்கூட எட்டுவதில்லை. அதனால்தான் கப்பலோ விமானமோ கண்ணில் படும்வரை, அல்லது அதன் ஓசை கேட்கும்வரை, பொறுத்திருக்கச் சொல்கிறார்கள். கைச்சுடரைக் காற்று வீசிச் செல்லும் பக்கமாக, படகுக்கு வெளியே கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். உருகிச் சொட்டும் கசடு பட்டால் உடனிருப்பவர்களின் உடல் வெந்துவிடும். ராக்கெட்டை ஒருபோதும் ஹெலிகாப்டரை நோக்கி ஏவக் கூடாது. ஆபத்தில்லாதபோது இவற்றைக் கொளுத்துவதற்கே தடை உண்டு. அது நியாயமான தடை. ஒரு பொய்யழைப்பு, முகம் தெரியாத வேறொரு படகின் மெய்யழைப்பையும் நம்ப முடியாததாக்கிவிடும்.

காண்பவரின் கடமைக்கு 1912 ஏப்ரல் 14, 15 இரவைவிடத் தெளிவான சான்று கிடையாது. மூழ்கிக்கொண்டிருந்த டைட்டானிக் கப்பல் வெள்ளை ராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக ஏவியது. அன்றைய விதிப்படியே அது அபாய அறிவிப்பு. பனிக்கட்டிகளுக்கிடையே நின்றிருந்த கலிஃபோர்னியன் கப்பலின் அதிகாரி அவற்றைக் கண்டு தலைவருக்கும் சொன்னார். அவை ஏதேனும் கப்பல் நிறுவனத்தின் அடையாள ஒளிகளா என்று தலைவர் கேட்டார். விளக்கால் மோர்ஸ் செய்தி அனுப்பினார்கள், பதில் வரவில்லை. உறங்கிக்கொண்டிருந்த வானொலி இயக்குநரை விடியும்வரை எழுப்பவில்லை. ஏறத்தாழ 1,500 பேர் இறந்தனர். கலிஃபோர்னியன் சென்றிருந்தால் பலரைக் காப்பாற்றியிருக்கலாம் என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு செய்தது. இரு கப்பல்களுக்கும் இடையிலிருந்த தூரத்தைப் பற்றிய வாதம் பின்னும் ஓயவில்லை. ஆனால் ராக்கெட்டுகள் கண்ணில் பட்டன என்பதில் ஐயமில்லை.

அதே இரவில் டைட்டானிக்கின் 2ஆம் எண் படகிலிருந்த அதிகாரி பாக்ஸ்ஹால் பச்சைச் சுடர்களைக் கொளுத்தினார். அவை நிறுவனத்தின் அடையாள ஒளிகள்தாம். ஆனாலும் வானொலி அழைப்பைக் கேட்டு ஏற்கெனவே தேடி வந்துகொண்டிருந்த கார்பேத்தியா கப்பல், அந்த ஒளியை நோக்கித் திரும்பி அந்தப் படகையே முதலில் மீட்டது. முறையான ராக்கெட் அழைப்பு வீணாயிற்று. முறைசாராத ஒளி உயிர்களைக் காத்தது. பொருளை ஒளி மட்டும் தருவதில்லை, பார்ப்பவரின் ஆயத்தமும் சேர்ந்தே தருகிறது. பிறனிடம் காட்டும் அன்பின் உட்பொருளே கவனம்தான் என்று பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல் கருதியது இங்கே மிகவும் பொருந்தும். கலிஃபோர்னியனில் இருந்தவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு விளக்கம் ஒன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே செயலின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இன்றைய பன்னாட்டுக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் அந்த எண்ணத்துக்கு இடம் தருவதில்லை. ஆபத்தில் ஆட்கள் இருப்பதாக எந்த வழியில் தகவல் வந்தாலும், உதவக்கூடிய நிலையிலுள்ள கப்பலின் தலைவர் முழு வேகத்தில் அங்கே செல்ல வேண்டும். செல்ல இயலாவிட்டாலோ, செல்வது பொருத்தமற்றது என்று கருதினாலோ, அதற்கான காரணத்தைக் கப்பலின் குறிப்பேட்டில் அவர் எழுதிவைக்க வேண்டும்.