இரண்டு தட்டு

பேருந்து நிலையத்தில் ஒருவர் குடித்துவிட்டுக் கூச்சலிட்டால், "போலீஸ் வந்து இரண்டு தட்டு தட்டினால் அடங்குவார்" என்கிறோம். கெங்கவல்லியிலும் இதுவே பேச்சு. பெண்களும் பிள்ளைகளும் அஞ்சாது நடமாட அவரை அகற்றத்தான் வேண்டும். கைது செய்யக் காவலருக்குச் சட்டம் அதிகாரம் அளித்துள்ளது. தப்பியோடாதிருக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தலாகாது என்பதும் அதே சட்டம்தான்.

2021 ஜூனில் நம் சேலம் மாவட்டத்துப் பாப்பநாயக்கன்பட்டிச் சோதனைச் சாவடியில், மதுபோதையில் வாக்குவாதம் செய்த சிறுவணிகர் ஒருவர் லத்தியால் அடிக்கப்பட்டு மறுநாள் இறந்தார். அடித்த காவலர் கைதானார். முதல் அடிக்கு இசைவு தந்தவர் எவர்?

இயேசுவிடம் குற்றம் காணாத பிலாத்து, தண்டித்து விடுவிப்பதாகக் கூட்டத்திடம் சொல்கிறான். லூக்கா நற்செய்தியின் அந்த இடத்தை விரைவாகக் கடந்துவிடுகிறோம். அதுவும் 'இரண்டு தட்டு'தானே! குடித்தவர் குற்றமற்றவரல்லரே என்பீர்கள். மெய்தான், அவரைத் தண்டிக்க நீதிமன்றத்தில் நடுவர் இருக்கிறார்.